அறுபத்திரண்டாம் பக்கத்து டிக்

கிளாரா மட்டும் புத்தகத்தை டீப்பாய் மேல் வைக்கவில்லை. மடியில் வைத்து, அதன் மேல் கைப்பையையும் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. படிக்காமல் வந்தவளுக்குத்தானே மறைக்கத் தோன்றும்.

மாட்டுங்காவில் ஷ்யாமளா வீட்டு ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற அம்மா-பெண் புத்தக கிளப் அது. ஐந்து அம்மாக்கள், ஒரே கான்வென்ட்டில் ஆறாவது படிக்கிற ஐந்து பெண்கள். ஒரு ஜோடிக்கு ஒரு புத்தகம். பெண் நீலப் பென்சிலால் ஓரத்தில் மனதில் பட்டதை எழுத வேண்டும், அம்மா அதைப் படித்துச் சிவப்புப் பென்சிலால் பதில் எழுத வேண்டும். ஐந்து புத்தகத்துக்கும் ஒரே மாதிரி பிரவுன் அட்டை. சட்டமெல்லாம் ஷ்யாமளா போட்டது. அட்டை அவள் வீட்டு வேலைக்காரி போட்டது.

கிளாராவை அவள் சேர்க்கவில்லை. லைப்ரரி டீச்சர் தலையில் கட்டிவிட்டாள். தாராவியில் வீடு, சயானில் ஏதோ மருந்துக் கடையில் வேலை. பெண் பெனிட்டாவுக்கு ஸ்கூல் பஸ்கூடக் கிடையாது. தினமும் அம்மாவோடு லோக்கல் ரயிலில் நசுங்கி வருகிறது. இங்கே வந்தால் கிளாரா மூலையில் உட்கார்ந்திருப்பாள். வாய் திறப்பதெல்லாம் வாழைக்காய் சிப்ஸுக்குத்தான்.

போன வாரம் இரண்டு தடவை போன் செய்தாள். ஷ்யாமளா எடுக்கவில்லை. லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று மூக்கால் அழுவாள், வேறென்ன.

அம்மாவும் பெண்ணுமாகப் படிப்பது என்றால் இவர்களுக்கு என்ன தெரியும்? ஷ்யாமளாவின் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதமாகப் பெண் அம்மு படுக்கப் போகுமுன் அவளிடம் வந்து, ஒன்றும் பேசாமல், கழுத்தைக் கட்டிக்கொண்டு போகிறாள். எல்லாம் இந்த கிளப்பின் மகிமை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோகிறாள் ஷ்யாமளா.

அம்மு ஜூஸ் கொண்டுவர உள்ளே போயிருந்தாள். இருந்தால் வேண்டாம்மா என்று தடுப்பாள், இதுதான் சமயம் என்று ஷ்யாமளா எழுந்தாள்.

"கொடுங்கோ கிளாரா, என்னதான் எழுதியிருக்கேள்னு எல்லாரும் பார்ப்போமே" என்று மடியிலிருந்த புத்தகத்தை உருவினாள்.

"அக்கா, சத்தமா வாசிச்சிராதீங்க. ஒங்ககிட்ட தனியாத் தரணும்னுதாம் கொண்டாந்தேன்."

மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

புரட்டினாள். பத்துப் பக்கத்துக்கு ஒரு சிவப்புக் கோடு, அதுவும் ஸ்கேல் வைத்து. பொருளடக்கத்தின் கீழேகூட ஒன்று! பெண் ஓரத்தில் எதை எழுதியிருந்தாலும் அடியில் ஒரு டிக், ஒரு 'குட்'. ஷ்யாமளா புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். இந்த அம்மா ஒரு வரியாவது படித்திருப்பாளா என்று கேட்டாள். மானசாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஓரம் முழுக்க நீலப் பென்சில், பொடிப்பொடியாக. எல்லாப் பெண்களுக்கும் வாய்த்த அதே கான்வென்ட் கையெழுத்து. அடியில் டிக். 'குட்.'

இங்கிலீஷில் இருந்ததை ஷ்யாமளா நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

'அம்மா, ஆறு மாதமாக என்னோடு ஒருத்தரும் பேசுவதில்லை. பேச விடாமல் செய்தவள் நம் கிளப்பிலேயே இருக்கிறாள். அவள் அம்மாவிடம் போய்க் கேட்காதே. என்னிடமும் கேட்காதே. உனக்குத் தெரிந்திருந்தால் எனக்குப் போதும். படித்துவிட்டாய் என்பதற்கு ஒரு டிக் மட்டும் போடு.'

சிப்ஸ் தட்டுக்குப் போன மானசாவின் கை அப்படியே நின்றது.

ஷ்யாமளாவுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. ஒரு குழந்தை இப்படிக் கெஞ்சியிருக்கிறது, பெற்றவள் 'குட்' என்று எழுதியிருக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று கேட்டாள்.

கிளாரா தலையைக் குனிந்துகொண்டாள். பெனிட்டா ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

இன்னும் ஒரு வரி பாக்கியிருந்தது. அதையும் வாசித்தாள்.

'ஸ்கூல் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்துகொள்கிறேன், பரவாயில்லை.'

ஸ்கூல் பஸ்.

ஷ்யாமளா பெனிட்டாவைப் பார்த்தாள். அப்புறம்தான் அந்த ஸ்கேல் ஞாபகத்துக்கு வந்தது. போன கூட்டத்துக்கு முந்தின நாள், டி.வி.யில் கண்ணை வைத்துக்கொண்டு, அம்முவின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த ஸ்கேல். பத்து நிமிஷத்தில் முழுப் புத்தகத்தையும் முடித்திருந்தாள்.

கூட்டம் முடிந்து அவரவர் எடுத்துப் போனபோது ஒரே மாதிரி அட்டை மாறிவிட்டிருக்கிறது. ஒரு மாதம் அலமாரியில் திறக்காமல் கிடந்து, இன்று அவள் டீப்பாய் மேல் வைத்திருப்பது கிளாராவின் புத்தகம்.

சமையலறை வாசலில் அம்மு ஜூஸ் டிரேயோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

டிரேயைக் கீழே வைத்தாள். அழவில்லை. நேராக வந்து, அம்மாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"அப்போ நீ படிச்சுட்டு டிக் போடலையாம்மா?"