ஆணியில் தொங்கிய நோட்டு

“படி. காலையில இறங்கினவங்க என்ன எழுதிட்டுப் போனாங்க?”

ஆணியில் தொங்கிய நோட்டை மனைவி எடுத்துப் பிரித்தாள். மலையேறி வருகிறவர்கள் ஓர் இரவு தங்கிவிட்டு, இறங்கும் முன் அதில் நாலு வரி எழுதுவது அந்தக் குடிலின் வழக்கம். குடிலின் காவல்காரனான அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் படித்தால்தான் உண்டு.

“‘மீசைக்காரர் இருந்தப்போ கேக்காமலே வெந்நீர் வரும். இப்போ கேட்டாத்தான் வருது.’”

அவனுக்கு வயிறு எரிந்தது. மீசைக்காரன் மூட்டுவலியோடு இந்த வேலையை விட்டு இறங்கி இரண்டு வருடமாகிறது. ஆள் போயும் பெயர் போகவில்லை.

மறுநாளிலிருந்து விடியுமுன் எழுந்தான். ஊற்று இருநூறு படி கீழே. தோளில் தகர டின்னோடு எட்டு நடை. வந்தவர்களின் நனைந்த பூட்ஸை அடுப்போரம் காயவைத்தான். கால் சுளுக்கிய ஒருவனை முதுகில் தூக்கிச் சாலைவரை இறக்கினான்.

“இப்பப் படி.”

“‘மீசைக்காரர் இருந்தா கூரை ஒழுகியிருக்காது.’”

கூரைத் தகரம் முழுவதையும் கழற்றி மாட்டினான். உள்ளங்கை கிழிந்தது. அடுத்த வாரம் அவள் படித்ததிலும் மீசைக்காரன்தான். விறகு பிளந்துகொண்டிருந்த கோடாரியை வீசி எறிந்தான்.

“போதும்டி. நாளைக்கே கீழ ஆபீசுக்குப் போறேன். அந்த மீசையையே தூக்கிட்டு வந்து வெச்சுக்கட்டும். எனக்கு இந்தப் பொழப்பு வேணாம்.”

அவள் முகம் வெளுத்தது. “அவசரப்படாதய்யா.”

மழையில் மாட்டிக்கொண்ட கண்ணாடிக்கார அம்மாள் ஒருத்தி உள்ளே மூன்றாவது கிண்ணம் சூப்பை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் நோட்டை அவளிடம் நீட்டினான்.

“மீசைக்காரனைப் பத்தி எழுதின பக்கத்தையெல்லாம் மடிச்சுக் குடுங்கம்மா. ஆபீசுல காட்டணும்.”

“அவங்க சாப்பிடட்டுமே...” என்று மனைவி குறுக்கே வந்தாள். அதற்குள் அம்மாள் புரட்டிவிட்டாள்.

“மீசையா? அப்படி யாருமே இதுல இல்லையே! ‘இந்தக் காவல்காரர் தங்கமான மனுஷர்.’ ‘கேக்கும் முன்னாடி வெந்நீர்.’ ‘என்னை முதுகுல சுமந்து இறக்கினார், சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்.’ எல்லாப் பக்கத்துலயும் நீங்கதான்யா!”

அவன் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

“ஏண்டி... எதுக்குடி இப்படிப் பண்ணுன?”

அவள் கரண்டியை அடுப்பு மேடையில் போட்டாள். கரி அப்பிய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா மூணு வேளையும் இந்த அடுப்புல வேகுறேன். என்னைப் பத்தி ஒரு வரி இருக்கானு அந்தம்மாவையே கேளு.”

அம்மாள் முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் நோட்டை மூடினாள்.