கிளிப்பிள்ளை

"சமையல் கத்துக்கிட்டாளாம்மா. முதல் நாளே சட்டியக் கருக்கிட்டாளாம்" என்றான் அவன், தொலைபேசியில்.

மறுமுனையில் ஸ்பீக்கர் போட்டிருந்தது. ஒரு கரகரத்த சிரிப்பு கேட்டது. "அதுல அப்படியே அவ அம்மாதான்!" என்றார் படுக்கையில் கிடக்கும் அந்தப் பெண்ணின் அப்பா.

"ஆமா, கருகினத வழிச்சுத் தின்னுட்டு இப்பப் பேசுங்க" என்றாள் அம்மா.

அப்புறம் அப்பாவின் வழக்கமான கேள்வி வந்தது. "தம்பி, என் சில்வண்டுக்கு என் மேல கோபம் போச்சாமா?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்கய்யா."

"சரி. அடுத்த வாரம் சொல்லுவா."

அவன் வேலை பார்ப்பது ஓர் இளைஞர் உதவி மையத்தில். வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் அங்கே கூப்பிடலாம். எங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளை சொல்வதை வீட்டுக்கும், வீடு சொல்வதைப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும், ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். அதில் அவன் காட்டிய கறாருக்கு மையத்தில் வைத்த பெயர் கிளிப்பிள்ளை.

சில்வண்டு என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். வாய் ஓயாதவள். எதிர்த்துப் பேசினாள் என்று அப்பா கைநீட்டிய மறுநாள் ஒரு பையோடு போய்விட்டாள். அந்த வாரமே அவருக்கு மாரடைப்பு. படுத்தவர் இன்னும் எழவில்லை. வியாழக்கிழமை அவள் மையத்துக்குக் கூப்பிடுவாள், வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்குச் சொல்வான்.

ஆரம்பத்தில் அம்மா அவனை லேசில் விடமாட்டாள். "ஈரத் தலையோட தூங்க வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. பின்கதவ இப்பல்லாம் பூட்டுறதில்லன்னு சொல்லுங்க. அவ போர்வைய யாருக்கும் குடுக்கலன்னு சொல்லுங்க."

கொஞ்ச நாளாக அவள் எதையும் சொல்லி அனுப்புவதில்லை. மனசு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் போனை வைத்ததும், மையத்தின் பொறுப்பாளர் அக்கா நாற்காலியைத் திருப்பினாள்.

"கிளிப்பிள்ளை, நேத்து அந்தப் பொண்ணு எப்படா கூப்பிட்டா? நாள் முழுக்க நான்தானே லைன்ல இருந்தேன்."

அவன் மேசையைப் பார்த்தான். "போன மாசத்துல இருந்தே கூப்பிடலக்கா."

"அப்பச் சட்டியக் கருக்கினது யாரு, நீயா?"

இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

"முதல் தடவ, தகவல் ஒண்ணும் இல்லன்னு சொல்லத்தான்க்கா கூப்பிட்டேன். நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவர், 'என் சில்வண்டு என்ன சொல்லிச்சு'ன்னு கேட்டுட்டார். வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

"இவ்வளவு அளந்தவன், கோபம் போச்சுன்னும் சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"அது அவ சொல்ல வேண்டியதுக்கா. அத நான் எப்படிச் சொல்ல?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு நல்லா இருக்கான்னு நம்பிக்கிட்டு அந்த அம்மா வீட்டுல உக்காந்திருக்காங்க. இந்நேரம் தேட ஆரம்பிச்சிருக்கணும். நீ தேட விடாமப் பண்ணிட்ட. அடுத்த வெள்ளி உண்மையச் சொல்லிடு."

வியாழக்கிழமை லைனை விட்டு அசையவில்லை. மணி அடித்தபோதெல்லாம் பாய்ந்து எடுத்தான். எல்லாம் வேறு வீட்டுப் பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டான். ஸ்பீக்கர் ஏற்கெனவே போட்டிருந்தது. அப்பா தொண்டையைக் கனைத்துத் தயாராவது கேட்டது.

"அம்மா, ஸ்பீக்கர நிறுத்துங்க. உங்ககிட்ட மட்டும் கொஞ்சம் பேசணும்."

ஸ்பீக்கர் அணைந்தது. பிறகு செருப்புச் சத்தம். கதவு சாத்தப்பட்டது. தெருவில் ஏதோ வண்டி போனது.

"சொல்லுங்க தம்பி."

"நான் பொய் சொல்லிட்டேம்மா. போன மாசத்துல இருந்து அவ கூப்பிடவே இல்ல. இருமல் விட்டுச்சு, சமையல் கத்துக்கிட்டா, எல்லாம் நானாச் சொன்னது. என்ன எப்படி வேணா திட்டுங்க. ஆனா இப்பவே தேடணும்மா, நாங்களும் கூட வர்றோம்."

"தேட வேண்டாம் தம்பி."

"கோபத்துல பேசாதீங்கம்மா."

"கோபம் இல்ல. போன மாசம் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. ரோட்டத் தாண்டும்போது வண்டி அடிச்சிடுச்சாம். நான்தான் போய் அடையாளம் காட்டினேன். ஒருத்தியாவே எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தேன். அவருக்கு இன்னும் தெரியாது."

அவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான்.

"அந்த வாரம்தான் நீங்க கூப்பிட்டு, இருமல் விட்டுடுச்சாம்னு சொன்னீங்க. அவர் எழுந்து உக்காந்து கஞ்சி கேட்டார்." என்றாள் அம்மா. "ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேன் தம்பி."

கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யாரும்மா, தம்பியா? சில்வண்டு என்ன சொல்லிச்சாம்?"

"தோ வர்றேங்க!" என்று குரல் கொடுத்தாள் அம்மா. செருப்புச் சத்தம் திரும்பி நடந்தது. கதவருகே நின்றது.

"ஸ்பீக்கர் போடுறேன். கோபம் போயிடுச்சாம்னு சொல்லிடுங்க தம்பி."