பதினோரு நிமிஷ வெளிச்சம்

"மேடம், ஓடி வாங்க! இன்னும் அணையல!"

ஆய்வகத் தலைவி செருப்பு மாட்டக்கூட மறந்து அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார். தாவரக் கழிவை நுண்துளைக் கரியாக்கி, அதைத் தகட்டில் பூசி மின்சாரத்தைச் சேமிப்பதுதான் அவர்களுடைய ஆய்வு. நாளை வரும் மதிப்பீட்டுக் குழுவுக்கு எதையாவது காட்டாவிட்டால் ஆய்வகத்துக்கே பூட்டு.

மேசைமேல் புதுத் தகட்டோடு இணைத்த குட்டி பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் 'கரிச்சட்டி' என்று கூப்பிடும் உதவி விஞ்ஞானி, ஸ்டாப்வாட்சும் கையுமாகக் குதித்தார்.

"பதினோரு நிமிஷம் மேடம்!"

"கடலைத்தோல் நாலே நிமிஷத்துல கைய விரிச்சுதே! இது என்னய்யா? மரத்தூளா, சோளச் சக்கையா?"

"மரம்னே வெச்சுக்குங்களேன்."

"மழுப்பாதய்யா! என்ன மரம்? குழு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

கரிச்சட்டி தலையைச் சொறிந்தார்.

"காகிதம் மேடம். அதுவும் மரத்துலேர்ந்து வந்ததுதானே? போன மாசம் நான் மாங்கு மாங்குன்னு எழுதின முந்நூறு பக்க அறிக்கைய, 'எரிக்கத்தான் லாயக்கு'ன்னு தூக்கி வீசினீங்களே... அதைத்தான் உலையில போட்டேன்."

தலைவி ஸ்டாப்வாட்சை வாங்கிப் பார்த்தார்.

"அந்த அறிக்கை கம்ப்யூட்டர்ல இருக்கா?"

கரிச்சட்டியின் முகம் மலர்ந்தது. "இருக்கு மேடம்! படிக்கப் போறீங்களா?"

"ஒரே ஒரு தடவை வந்த ரிசல்ட்ட எவன்யா நம்புவான்? மூணு தடவை எரிச்சுப் பாக்கணும். ஓடு, இன்னும் ரெண்டு காப்பி எடு!"