ஒற்றை ஆள் வலை

பால் வாங்கி வருகிறேன் என்று காலையில் கிளம்பிய அப்பா, மூன்று மணி நேரம் கழித்து ஒரு கொசுவலையோடு வந்து நின்றார்.

"பால் எங்க?" என்றாள் அம்மா.

"மறந்துட்டேன்."

"வலை மட்டும் மறக்கலையாக்கும்!"

அப்பா நேராக உள்ளே போனார். வாடகை கேரவனின் பின்பக்கப் படுக்கைக்கு மேல் நாலு மூலையிலும் கயிறு கட்டி வலையைத் தொங்கவிட்டார். உள்ளே புகுந்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்துவிட்டார். அப்போது பகல் பன்னிரண்டு மணி.

எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள் மகள். அவளுக்கு ஏழாம் மாதம். ஜன்னல் வலை கிழிந்திருப்பதை வண்டிக்காரன் சொல்லவே இல்லை. ஏரிக்கரைக்கு வந்த இரண்டே நாளில் கணுக்காலெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது.

"இன்னொண்ணு வாங்கலையாப்பா?"

"கடையில ஒண்ணுதான் இருந்தது." வலைக்கு அடியிலிருந்து ஒரு கொசுவிரட்டிக் களிம்பு டியூப் மட்டும் வெளியே வந்து விழுந்தது. "இதைப் பூசிக்கோ. மிச்சம் வைக்காதே."

"வலையை அவளுக்குக் கொடுத்துட்டு களிம்பை நீங்க பூசிக்குங்களேன். மாசமா இருக்கற பொண்ணு!" என்றாள் அம்மா.

"முடியாது."

அவ்வளவுதான். முப்பது வருஷம் ஊருக்குக் கொசு மருந்துப் புகை அடித்த மனுஷன். தெருவில் எல்லோருக்கும் அவர் 'புகைக்காரர்'தான். யார் வீட்டுப் பூந்தொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் கேட்காமல் உள்ளே போய்க் கவிழ்த்துவிட்டு வருவார்.

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செஞ்சீங்க. பெத்த பொண்ணுன்னா மட்டும் கை வரலையோ?" அம்மா சும்மா இருக்கவில்லை.

மகள் களிம்பைப் பிதுக்கிக் கணுக்காலில் அழுத்தித் தேய்த்தாள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. மூன்று வருஷம். வயிற்றில் பிள்ளை என்று கேள்விப்பட்டு போன மாதம் அவரே கூப்பிட்டார். "ஏரிக்கரையில பத்து நாள் இருந்துட்டு வரலாம்மா. நாம மூணு பேரும். முன்ன மாதிரி." அந்த 'முன்ன மாதிரி'யை நம்பித்தான் கணவனை விட்டுவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு அப்பா கழிப்பறைக்குப் போக வெளியே வந்தார். திரும்பி வருவதற்குள் ஒரு கொசு அவர் முழங்கையில் உட்கார்ந்து எழுந்து பறந்தது.

அப்பா அதை விடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேரவன் முழுக்கத் துரத்தினார். டம்ளர் உருண்டது. அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டார்.

"அதான் கடிச்சு முடிச்சுருச்சே! வயிறு முட்டக் குடிச்சுட்டுப் போகுது, விடுங்களேன்!" என்று கத்தினாள் அம்மா.

கூரை ஓரத்தில் பட்டென்று ஓர் அடி. செருப்பைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பாக ஒரு பொட்டு. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"என்ன, குடிச்ச ரத்தத்தைத் திருப்பி வாங்கியாச்சா?" என்றாள் அம்மா.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து மறுபடி வலைக்குள் போனார். மகள் எழுந்துவிட்டாள்.

"நீங்க மாறவே இல்லப்பா. அன்னைக்கு உங்க கௌரவம் பெருசு. இன்னைக்கு உங்க தூக்கம் பெருசு. எப்பவும் நான்தான் வெளிய. அவரை வரச் சொல்றேன், நான் கிளம்பறேன்."

'இரும்மா' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

"சரிம்மா. சீக்கிரம் வரச் சொல்லு," என்றது வலை.

கண்ணீரை அடக்கிக்கொண்டு கணவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, பையில் துணிகளைத் திணித்தாள். அம்மா குறுக்கே குறுக்கே வந்து நின்றாள். பாதிப் பை நிறைந்தபோது அடுப்பு மேடையில் இருந்த அப்பாவின் போன் அடித்தது. மகள்தான் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம். காலைல ரத்தம் கொடுத்துட்டுப் போனாரே பெரியவர், ரிசல்ட் வந்துருச்சு. அவர் சந்தேகப்பட்டது சரிதான், டெங்குதான். இன்னைக்கே வந்து சேரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு வலைக்கு மேலாகவே அவர் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

"டெங்குவாம்ப்பா! எப்போலேருந்து காய்ச்சல்?"

"நேத்து மத்தியானத்துலேருந்து."

"ஏம்ப்பா சொல்லலை?"

"ரிசல்ட் வராம என்னத்தைச் சொல்றது? சொல்லியிருந்தா அப்பவே கிளம்பியிருப்பே. மூணு வருஷம் கழிச்சு இப்பதானே வந்திருக்கே... தப்புதான். காலைலயே சொல்லியிருக்கணும்."

அம்மா அப்படியே படுக்கையில் உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் தீரவில்லை.

"காய்ச்சல்தான் வந்தாச்சே. இனிமே கொசு கடிச்சா உங்களுக்கு என்ன, கடிக்காட்டி என்ன? எதுக்குப்பா உங்களுக்கு வலை?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தூக்கப் போனாள்.

அப்பா உள்ளிருந்து அதன் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னைக் கடிக்கற கொசு, அடுத்து உன்கிட்டதானேம்மா வரும்?"