எடுக்காத கை

வெட்டுப்பட்டவனின் தொடைக் காயத்துக்குள் முஷ்டியைக் கொடுத்து, ஆம்புலன்ஸ் உதவியாளர் ஜெசிந்தா தன் முழு எடையோடு அழுத்திக்கொண்டிருந்தாள். ரத்தம் நின்றது, அவன் அலறினான். ஆம்புலன்ஸுக்குள் பாய்ந்து ஏறிய அவனுடைய அண்ணன், "புண்ணுலயே குத்துறியாடி?" என்று ஹெல்மெட்டால் அவள் தலையில் அடித்தான். இரண்டாவது அடியில் புருவம் கிழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"பன்னெண்டாயிரம் சம்பளத்துக்கு ஏன்க்கா அடி வாங்குறே? விட்டுட்டு இறங்கு!" என்று முன்னாலிருந்து ஓட்டுநர் தவசி கத்தினான்.

"நீ வண்டிய எடுடா."

மூன்றாவது அடிக்கு ஓங்கியவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கையை எடுத்தா ரெண்டு நிமிஷத்துல உங்க தம்பி இருக்க மாட்டான், அண்ணே. எடுக்கட்டுமா?"

ஹெல்மெட் அந்தரத்திலேயே நின்றது. வண்டி நகர்ந்தது. அவளுடைய சட்டைப்பையில் போன் அடித்தது. அவளை வேலைக்கு அழைத்திருந்த துணிக்கடை மேலாளராகத்தான் இருக்கும். இரண்டு மடங்கு சம்பளம். மதியத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, அதை எடுத்து என் காதுல வைங்க."

அடித்த கையாலேயே எடுத்து வைத்தான்.

"நாளைக்கே வேலையில சேந்துருவீங்கல்லம்மா?"

புருவத்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. முஷ்டிக்கு அடியில் நாடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"கையை எடுக்க முடியல சார்" என்றாள்.