ஐந்தாவது வரி

விளையாட்டு லேப்டாப்பின் ப்ராசஸரை அதன் அளவுக்கு மேலே வேகமாக ஓட்டுவது அந்த மெக்கானிக்குக்குக் கைவந்த கலை. அன்று வந்த லேப்டாப்பின் ப்ராசஸருக்குள் வேலை செய்யும் மூளைகள், அதாவது கோர், நான்கே. கோருக்கு ஒரு வரியாக வெப்பம் காட்டும் திரையிலோ ஐந்து வரிகள். நான்கும் அறுபது டிகிரியைத் தாண்டித் துள்ள, ஐந்தாவது முப்பத்தேழில் ஆடாமல் அசையாமல் நின்றது. வேறு மென்பொருள் போட்டுப் பார்த்தார். அப்போதும் ஐந்துதான்.

மதியச் சாப்பாட்டோடு வந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் நர்ஸ்.

"முப்பத்தேழா? நம்ம உடம்புச் சூடுதான். நல்லாத்தானே இருக்கு" என்றாள், வார்டில் சொல்கிற அதே குரலில்.

அவர் சிரித்துக்கொண்டே வேகத்தை ஏற்றினார். நான்கும் தொண்ணூறைத் தொட்டன. ஐந்தாவது முப்பத்தொன்பது.

"குறைங்க, காய்ச்சல் அடிக்குது."

"மெஷினுக்கு ஏதும்மா காய்ச்சல்?" என்று கேட்டபடியே குறைத்தார். ஐந்தாவது மெல்ல முப்பத்தேழுக்கு இறங்கியது. இருவருக்கும் ஏனோ நிம்மதியாக இருந்தது.

"கஸ்டமர் வேகம் பத்தலைன்னா?"

"இதுக்கு மேல தாங்காதுன்னு சொல்லிடுங்க."

சாயங்காலம் லேப்டாப்பை அணைத்து, பேட்டரியையும் கழற்றினார். வழக்கம்போல மூடியைப் படாரென்று சாத்தப் போனவர், என்ன தோன்றியதோ, ஒரு விரல் இடைவெளி விட்டார். அந்த இடுக்கில் கை வைத்துப் பார்த்தார். இதமான காற்று, விட்டு விட்டு, சீராக வந்துகொண்டிருந்தது.