பதினோரு மாதம்

"எழுத்தெல்லாம் எதுக்கு தம்பி? இருக்குற வரைக்கும் இருங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா பாண்டியம்மாள் மாவாட்டப் போய்விட்டாள்.

வாடகை ஒப்பந்தம் எழுதித் தரச் சொல்லி வெள்ளைத்துரை கேட்பது இது நாலாவது தடவை. நாலு தடவையும் அவளுக்கு ஏதாவது ஒரு அவசர வேலை வந்துவிட்டது.

'இருக்குற வரைக்கும்' என்றால் எது வரைக்கும்? அன்று முழுக்க அவனுக்கு ஆபீஸில் கணக்கு ஓடவில்லை.

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வந்த மூன்று வருஷத்தில் மூன்று வீடு மாறியாயிற்று. ஒருவர் மகனுக்குக் கல்யாணம் என்றார். இன்னொருவர் மருமகன் வருகிறார் என்றார். மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இதுவரை ஒரு பள்ளிக்கூடத்திலும் முழு வருஷம் படித்ததில்லை. ஒரே வீட்டில் இருந்து ஒரு காலண்டரை முழுசாகக் கிழித்துவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த பெரிய ஆசை. அரசரடிப் பக்கம் இந்த அறைக்கு வந்து எட்டு மாதமாகிறது.

ஆபீஸில் சாம்பசிவம் இருந்தான். காசு வாங்காமல் பயமுறுத்துவதில் கெட்டிக்காரன்.

"பேப்பர் இல்லேன்னா ஒருநாள் சாமானைத் தெருவுல வச்சிருவாங்கண்ணே. எழுத மாட்டேங்கிறாங்கன்னா உள்ளுக்குள்ள ஏதோ திட்டம் இருக்கு."

ஒரு வக்கீலிடமும் போனான். எழுத்து இல்லாவிட்டாலும் குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், சட்டம் உன் பக்கம்தான் என்று வக்கீல் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "இருந்தாலும் ஒரு பேப்பர் இருக்கிறது நல்லது" என்றார். வெள்ளைத்துரை காதில் அது மட்டும்தான் விழுந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சோழவந்தானிலிருந்து வந்த பாண்டியம்மாளின் உறவுக்காரர் அறையை எட்டிப் பார்த்தால் போச்சு. பிள்ளைக்குப் பரீட்சை எப்போது முடியும் என்று அவள் கேட்டாலும் போச்சு.

பாண்டியம்மாளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மில்லில் வேலை பார்த்த புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் இங்கே வந்துவிடும், நல்ல மனுஷி என்று மனைவி ஜெயக்கொடி எவ்வளவோ சொன்னாள்.

"குழம்பு குடுக்குறவுகளுக்கு ஒரு கைநாட்டு வைக்க என்னவாம்?" என்றான் அவன்.

மார்கழிக் கடைசியில் ஒரு பொய்யைத் துணிந்து சொன்னான்.

"பெரியம்மா, நாங்க வேற வீடு பாத்துட்டோம். எழுதித் தந்தா இருக்கோம். இல்லாட்டி தை பொறந்ததும் கெளம்புறோம்."

பாண்டியம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மாவும் ஆட்டவில்லை.

மறுநாள் காலையில் அவளே வந்து நின்றாள். "எங்க வந்து வைக்கணும் தம்பி?"

பத்திரம் எழுதுகிறவரிடம் போனார்கள். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். பொய் சொன்னாலும் காரியம் முடிந்ததே என்று வெள்ளைத்துரை சந்தோஷமாக வீடு வந்து, ஜெயக்கொடியைக் கேசரி கிண்டச் சொன்னான்.

சாயங்காலம் பாண்டியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா வாசிங்க."

ஜெயித்தவன் குரலில் வாசித்தான். "தை மாதம் முதல் தேதி தொடங்கிப் பதினோரு மாத காலத்துக்கு..."

அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள்.

"அப்ப தீபாவளிக்கு இருப்பீக. அடுத்த பொங்கலுக்கு இருக்க மாட்டீக."

வெள்ளைத்துரை சிரித்தான். "அது சும்மா வழக்கத்துக்குப் போடுறது பெரியம்மா. எல்லாரும் பதினோரு மாசம்னுதான் எழுதுவாக."

"ஒங்களுக்கு முன்னால இருந்த வாத்தியாரும் இப்படித்தான் சொன்னாரு. அவரு பிள்ளைக்கு நாந்தேன் தெனமும் சடை பின்னி விடுவேன். பேப்பர்ல போட்டிருந்த தேதியில டாண்ணு சாமானை வண்டியில ஏத்திட்டாரு."

வெள்ளைத்துரைக்குச் சிரிப்பு நின்றது.

முந்தானையால் விரலிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"எழுதாம இருந்தாப் போக மாட்டீகன்னு நெனச்சேன் தம்பி."